பட்டமும் பட்டியலும்

ஷோப்ரோனைப் பற்றி எழுத வருகிறவர்கள் எல்லாரும் ஒரே வாசல் வழியாகத்தான் ஊருக்குள் நுழைகிறார்கள். 1989 ஆகஸ்ட் 19. ஹங்கேரி, ஆஸ்திரியா எல்லையில் ஒரு பிக்னிக். சில மணி நேரம் அடையாளத்துக்காகத் திறந்துவைப்பதாக இருந்த ஒரு மரக்கதவு. அதைத் தள்ளிக்கொண்டு ஓடிப்போன சுமார் 600 கிழக்கு ஜெர்மானியர்கள். துப்பாக்கியை எடுக்காமல் நின்ற எல்லைக்காவல் அதிகாரி ஆர்பாத் பெல்லா. மூன்று மாதத்தில் பெர்லின் சுவர் விழுந்தது. சுபம், கைதட்டுங்கள்.

கதை பொய்யில்லை. பெல்லா அன்று செய்தது பெரிய காரியம்தான். ஆனால் அந்த ஊருக்கு வரலாறு என்பதே அந்த ஒரு மத்தியானம் மட்டும்தான் என்கிற மாதிரி எழுதுகிறார்களே, அது எனக்கு ஒட்டவில்லை. ஷோப்ரோன் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளும் கதை வேறு. ஊரில் கால் வைத்துக் கொஞ்ச நேரத்தில் அது கண்ணில் படும். 'சிவிடாஸ் ஃபிதெலிஸ்ஸிமா' என்று லத்தீனில். மிக விசுவாசமான நகரம். 1922இல் ஹங்கேரி நாடாளுமன்றம் சட்டமே போட்டுக் கொடுத்த பட்டம் அது.

வேலை நிமித்தம் இரண்டு வருஷம் வியன்னாவில் இருந்தேன். அங்கிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான். அறுபதாயிரம் பேர் வசிக்கிற ஊர், நம் கணக்கில் ஒரு தாலுகா தலைநகரம். பழைய நகரத்தின் நடுவே தீக்காவல் கோபுரம் நிற்கிறது. அதன் அடியில் 'விசுவாச வாசல்'. கிஷ்ஃபலுதி ஷ்ட்ரோப்ல் என்ற சிற்பி 1928இல் செய்த புடைப்புச் சிற்பம் அதன் மேலே இருக்கிறது. நடுவில் ஹங்கேரியா என்கிற தேசத் தாய். சுற்றிலும் முழந்தாளிட்ட நகரத்தார். நன்றாகத்தான் செதுக்கியிருக்கிறார். எனக்குப் பிரச்சினை அந்த முழங்கால்களோடுதான்.

ஏனென்றால், அந்தச் சிற்பத்தில் முழந்தாளிட்டு நிற்கிறவர்களில் ஒரு பெரும் பகுதியினரை, சிற்பம் வைத்து 18 வருஷம் ஆவதற்குள் சரக்கு ரயிலில் ஏற்றி நாட்டைவிட்டு அனுப்பிவிட்டார்கள். அந்தப் பட்டத்தை ஊருக்கு வாங்கிக் கொடுத்த அதே ஜனங்களை. இதைச் சொல்லாமல் அந்தப் பட்டத்தை மட்டும் சொல்வது அரைகுறை வரலாறு என்று மரியாதையாகச் சொல்லலாம். எனக்கு மோசடி என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

யார் அந்த ஜனங்கள்? ஊருக்கு ஜெர்மனில் ஓடென்புர்க் என்று பெயர். ரோமானியர் காலத்தில் ஸ்கர்பான்ட்சியா. 1277இல் ஹங்கேரி அரசன் நான்காம் லாஸ்லோ இதைச் சுதந்திர அரச நகரமாக அறிவித்தான். காரணம் கவனிக்க வேண்டியது: பொஹேமிய அரசன் ஒட்டோகர் ஊரைப் பிடித்து, பிரமுகர்களின் பிள்ளைகளைப் பிணையாகக் கொண்டுபோயிருந்தான். பிள்ளைகள் அங்கே இருக்கும்போதே ஊரார் ஹங்கேரி அரசனுக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள். ஆக, விசுவாசத்துக்குப் பரிசு என்கிற வியாபாரம் இந்த ஊரில் எழுநூறு வருஷமாக நடக்கிறது.

மத்திய காலத்திலிருந்தே இங்கே வேர்விட்டவர்கள் ஜெர்மன் பேசும் கைவினைஞர்களும் திராட்சை விவசாயிகளும். அந்தத் திராட்சைக்காரர்களுக்கு 'போன்சிக்டர்' என்று ஒரு செல்லப்பெயர் உண்டு. 'பீன்ஸ் வளர்ப்பவர்' என்பதற்கான ஜெர்மன் சொல்லின் மருவல். கொடி வரிசைகளுக்கு நடுவே கிடக்கிற நிலத்தை வீணாக்க மனசு வராமல் பீன்ஸ் போட்டார்கள். நம்மூரில் தென்னைக்கு நடுவே ஊடுபயிர் போடுகிற மாதிரி. இன்றைக்கும் ஷோப்ரோன் சாப்பாட்டில் பீன்ஸ் முக்கியம், கேக்ஃப்ராங்கோஷ் என்கிற சிவப்பு வைன் அதைவிட முக்கியம். மிச்சம் பிடிக்கத் தெரிந்த, மண்ணைவிட்டு நகராத ஜனம். இவர்களோடு ஹங்கேரி மொழி பேசும் அதிகாரிகள், வணிகர்கள். பக்கத்தில் கோப்ஹாசா போன்ற குரோவாசிய கிராமங்கள். யூதர்கள். யூதர்களை 1526இல், மோஹாச் போரில் ஹங்கேரி துருக்கியரிடம் தோற்ற கையோடு, ஊரைவிட்டே துரத்தினார்கள். அவர்களுடைய மத்திய காலத் தொழுகைக்கூடம் வீடுகளுக்குள் வீடாக மறைந்து, 1967 வாக்கில் பழுதுபார்க்கும்போதுதான் வெளியே வந்தது. இந்த ஊரில் சுவரைச் சுரண்டினால் யாராவது ஒருவர் துரத்தப்பட்டிருப்பார்.

சரி, 1921க்கு வருவோம். முதல் உலகப்போரில் தோற்ற ஹங்கேரியை ட்ரியானோன் ஒப்பந்தம் மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தது. மேற்கு ஓரத்தில் ஜெர்மன் பேசும் பகுதி, இன்றைய புர்கென்லாண்ட், ஆஸ்திரியாவுக்கு. ஓடென்புர்க் அதன் இயல்பான தலைநகரம், ஆகவே அதுவும் ஆஸ்திரியாவுக்கு. கேட்டால் விசித்திரமாக இருக்கும்: தோற்ற நாடு ஒன்றிடமிருந்து பிடுங்கி, தோற்ற இன்னொரு நாட்டுக்குக் கொடுத்தார்கள். 1921 ஆகஸ்ட் கடைசியில் ஆஸ்திரியக் காவலர்கள் பொறுப்பேற்க வந்தபோது ஹங்கேரியப் போராளிக் குழுக்கள் சுட்டு விரட்டின. செப்டம்பர் 8 அன்று ஊருக்கு வெளியே ஆக்ஃபல்வாவில் சண்டை. இதில் ஷோப்ரோனின் சுரங்க, வனவியல் கல்லூரி மாணவர்களும் இருந்தார்கள். அந்தக் கல்லூரியே ஒரு அகதி. செக்கோஸ்லோவாக்கியாவுக்குப் போய்விட்ட ஷெல்மெட்ஸ்பான்யாவிலிருந்து 1919இல் மூட்டை கட்டிக்கொண்டு வந்தது. (இதே கல்லூரியின் வனவியல் துறை 1956 புரட்சி நசுக்கப்பட்டபோது, சுமார் 200 மாணவர்களும் பேராசிரியர்களுமாக எல்லை தாண்டி, கனடாவின் வான்கூவரில் போய் ஒரு பிரிவாகவே தொடர்ந்தது. ஒரு கல்லூரி இரண்டு முறை அகதியானதைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.)

அக்டோபரில் பால் ப்ரோனாய் என்ற படைத்தலைவன் இந்த நிலத்தைத் தனி நாடாகவே அறிவித்துவிட்டான். அதற்குமுன் இடதுசாரிகளையும் யூதர்களையும் வேட்டையாடிய வெள்ளைப் பயங்கரத்தில் பெயர் வாங்கிய ஆள். கடைசியில் இத்தாலி மத்தியஸ்தம் செய்து வெனிஸில் ஓர் உடன்பாடு. ஹங்கேரி தன் 'கட்டுக்கடங்காத' ஆட்களை அடக்கிப் புர்கென்லாண்டை ஒப்படைக்கும். பதிலுக்கு ஷோப்ரோனிலும் சுற்றியுள்ள எட்டு கிராமங்களிலும் பொதுவாக்கெடுப்பு நடக்கும்.

1921 டிசம்பர் 14 முதல் 16 வரை அது நடந்தது. மொத்தத்தில் 65 சதவீதம் ஹங்கேரிக்கு. நகரத்தை மட்டும் எடுத்தால் 72.8. வாக்காளர் பட்டியலில் தில்லுமுல்லு என்று ஆஸ்திரியா புகார் சொல்லித் தன் பிரதிநிதிகளை விலக்கிக்கொண்டது. புகாரில் உண்மை இருந்தது என்று நினைக்கவே எனக்குத் தோன்றுகிறது. ஊரில் காவலும் நிர்வாகமும் அதுவரை யார் கையில் இருந்தன என்பதே போதும். எட்டு கிராமங்களில் ஐந்து ஆஸ்திரியாவுக்குப் பெரும்பான்மை கொடுத்தன, மூன்றுதான் ஹங்கேரிக்கு. அதில் ஒன்று குரோவாசியர்களின் கோப்ஹாசா.

ஆனால் 'எல்லாமே மோசடி' என்று ஆஸ்திரியத் தரப்பு பாடுகிற பாட்டும் எனக்குச் செல்லாது. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 1920 கணக்கெடுப்பில் நகரத்தில் ஜெர்மன்காரர்களும் ஹங்கேரி மொழிக்காரர்களும் ஏறக்குறைய சரிபாதி. ஹங்கேரி மொழிக்காரர் ஒருவர்கூட மாற்றிப் போடவில்லை என்றே வைத்துக்கொள்வோம். 50 போக மிச்சம் 22, 23 புள்ளி எங்கிருந்து வரும்? ஜெர்மன் வீடுகளிலிருந்துதான் வரவேண்டும். அப்படியானால் ஜெர்மன் பேசுபவர்களில் ஐந்தில் இரண்டு பேருக்கு மேல் ஹங்கேரிக்குப் போட்டிருக்கிறார்கள். பட்டியல் தில்லுமுல்லுக்காக நன்றாகவே கழித்துக்கொண்டாலும் ஆயிரக்கணக்கில் மிஞ்சும். ஏன் போட்டார்கள்? சிலருக்கு வியன்னாவின் சிவப்பு அரசியல் பயம். சிலருக்கு ஆஸ்திரியா பிழைக்குமா என்ற சந்தேகம். அன்றைக்கு அந்த நாடே அந்தச் சந்தேகத்தில்தான் இருந்தது. பலருக்கு இன்னும் எளிமையான விஷயம்: 'எங்க தாத்தா காலத்துலேர்ந்து நாங்க ஹங்கேரிக்காரங்க, வீட்ல ஜெர்மன் பேசுவோம், இதுல என்ன இருக்கு' என்கிற பழைய மனநிலை. தேசம் ஒன்று, வீட்டுமொழி ஒன்று. இரண்டும் ஒரே கட்டத்தில் அடங்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் அதுவரை சொல்லவில்லை.

1922 ஜனவரி 1 அன்று ஊர் முறைப்படி ஹங்கேரி வசமானது. புர்கென்லாண்ட் தலைநகரம் இல்லாமல் நின்று, கடைசியில் 1925இல் ஐசென்ஸ்டாட்டைப் பிடித்துப் போட்டது. வரைபடத்தில் பாருங்கள், இன்றும் ஷோப்ரோன் ஆஸ்திரியாவுக்குள் குத்தி நிற்கும் ஒரு முழங்கை மாதிரி இருக்கும். புர்கென்லாண்டின் வடக்கிலிருந்து நடுப்பகுதிக்குப் போகும் ஆஸ்திரிய ரயில்கள் ஷோப்ரோன் வழியாகத்தான் போக வேண்டும். அந்தத் தடத்தை ஓட்டுவது ஹங்கேரியும் ஆஸ்திரியாவும் சேர்ந்து சொந்தம் கொண்டாடும் ஒரு பழைய ரயில்வே கம்பெனி. முள்வேலிக் காலம் முழுக்க அதுவும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மனிதர்களைவிடத் தண்டவாளத்துக்கு மரியாதை அதிகம் என்பது இங்கே உவமை இல்லை.

இப்போது பட்டியலுக்கு வருகிறேன்.

1941இல் ஹங்கேரியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அதில் தாய்மொழி என்ன என்று ஒரு கேள்வி, தேசிய இனம் என்ன என்று இன்னொரு கேள்வி. ட்ரியானோன் எல்லைக்குள் 4,77,057 பேர் தாய்மொழி ஜெர்மன் என்றார்கள். தேசிய இனம் ஜெர்மன் என்றவர்கள் 3,03,419. இரண்டுக்கும் நடுவே ஒன்றே முக்கால் லட்சம் பேர் இருக்கிறார்கள் இல்லையா, அவர்கள்தான் நான் சொல்கிற ஆட்கள். வீட்டில் ஜெர்மன், நாட்டில் ஹங்கேரியன். உண்மையைச் சொன்னவர்கள். ஹிட்லர் ஐரோப்பாவைத் தின்றுகொண்டிருந்த வருஷத்தில் 'நான் ஜெர்மானியன் இல்லை' என்று சொல்ல, சும்மா இல்லை, கொஞ்சம் தைரியமும் வேண்டும்.

1945 டிசம்பர் 29இல் ஓர் அரசாணை வந்தது. 1941 கணக்கெடுப்பில் தேசிய இனமோ தாய்மொழியோ ஜெர்மன் என்று சொன்னவர்கள், ஹங்கேரியமாக்கிய பெயரைத் திரும்ப ஜெர்மனாக்கிக்கொண்டவர்கள், ஃபோல்க்ஸ்புண்ட் என்கிற நாஜி ஆதரவு அமைப்பில் இருந்தவர்கள், ஆயுதமேந்திய ஜெர்மன் அமைப்புகளில் இருந்தவர்கள் எல்லாரும் ஜெர்மனிக்குப் போக வேண்டும். 'தேசிய இனமோ, தாய்மொழியோ'. அந்த 'ஓ'வைப் படிக்கிற எந்த புரோகிராமருக்கும் வயிறு கலங்கும். இரண்டு நிபந்தனைக்கு நடுவே 'அண்ட்' போட்டால் ஒரு கூட்டம் வரும், 'ஆர்' போட்டால் வேறு கூட்டம். அந்த ஒன்றே முக்கால் லட்சம் பேரும் அந்த 'ஆர்' வழியாகத்தான் வலைக்குள் வந்தார்கள். விதிவிலக்கு உண்டு என்றார்கள். தாய்மொழி ஜெர்மன், தேசிய இனம் ஹங்கேரியன் என்று எழுதியவர்கள், தேசத்துக்கு விசுவாசமாக இருந்ததற்காகத் துன்புறுத்தப்பட்டோம் என்று நிரூபித்தால் தங்கலாம். விசுவாசமாக இருந்தால் மட்டும் போதாது. அதற்காக அடியும் வாங்கியிருக்க வேண்டும், வாங்கிய அடிக்கு அத்தாட்சியும் வேண்டும்.

1946 ஏப்ரலிலும் மே மாதத்திலும் ஷோப்ரோனிலிருந்து வண்டிகள் புறப்பட்டன. ஆளுக்கு 100 கிலோ சுமை. அதில் 20 கிலோ உணவு: மாவோ ரொட்டியோ 7, கொழுப்பு 1, இறைச்சி 2, பயறு வகை 2, உருளைக்கிழங்கு 8. போன்சிக்டர்களுக்கு, தலைமுறை தலைமுறையாக பீன்ஸ் போட்டவர்களுக்கு, இரண்டு கிலோ பயறு. வண்டிகள் போனது பார்வைக்கு எட்டிய தூரத்தில் இருந்த ஆஸ்திரியாவுக்கு இல்லை. அவர்கள் பார்த்தே இராத ஜெர்மனிக்கு, அமெரிக்க மண்டலத்துக்கு. ஆக்ஃபல்வா, ஹர்கா, ஃபெர்டோராகோஷ் போன்ற கிராமங்கள் பெருமளவு காலியாயின. அந்த வீடுகளில் நாட்டின் வேறு பகுதிகளிலிருந்தும் எல்லைக்கு வெளியிலிருந்தும் வந்த ஹங்கேரியர்களைக் குடிவைத்தார்கள். அவர்களில் பலரும் தங்கள் ஊரைத் தொலைத்தவர்கள்தான், அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

'ஒரு மூட்டையோடு வந்தவர்கள் ஒரு மூட்டையோடு போகட்டும்' என்று 1945இல் விவசாயிகள் கட்சித் தலைவர் இம்ரே கோவாச் எழுதினார். பதினெட்டாம் நூற்றாண்டில் குடியேறிய ஜெர்மானியர்களை மனதில் வைத்துச் சொன்னது. அதுவே கொடுமை. ஷோப்ரோன்காரர்களுக்கு அது பொருந்தவே பொருந்தாது. இவர்கள் மூட்டையோடு வந்த நாளுக்கு ஆவணம் தேடினால் மத்திய காலத்துக்குள் போக வேண்டும்.

நான் இத்தனை கோபமாக எழுதுவதற்குக் காரணமான இடம் இது. 1921இல் யார் ஹங்கேரிக்குப் போட்டார், யார் ஆஸ்திரியாவுக்குப் போட்டார் என்பது எங்கும் பதிவாகவில்லை. ரகசிய வாக்கெடுப்பு. அப்படித்தான் இருக்க வேண்டும். ஆகவே 1946இல் பட்டியல் எடுத்தவர்கள் நினைத்தாலும் விசுவாசிகளைப் பிரித்தெடுத்திருக்க முடியாது. ஹங்கேரிக்குப் போட்ட கிழவரும் ஆஸ்திரியாவுக்குப் போட்ட அவருடைய மச்சானும் ஒரே பெட்டியில் உட்கார்ந்திருப்பார்கள். விசுவாசத்துக்கு என்று ஒரு கட்டம் எந்தப் படிவத்திலும் இல்லை. மொழிக்கு இருந்தது. அரசு பட்டம் கொடுக்கும்போது ஊருக்குக் கொடுக்கிறது. தண்டனை கொடுக்கும்போது ஆளின் பெயரையும் கதவு எண்ணையும் பார்த்துக் கொடுக்கிறது.

இதைப் படிக்கையில் உங்களுக்கு வேறு ஊர்கள் ஞாபகத்துக்கு வரலாம். வரட்டும். நான் ஷோப்ரோனோடு நிறுத்திக்கொள்கிறேன்.

என் தொழில் பக்கத்திலிருந்து ஒன்று. சில வருஷம் முன்பு ஒரு வாடிக்கையாளர் நிறுவனத்துக்காகப் பணியாளர் விவரப் படிவம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். 'தாய்மொழி' என்று ஒரு கட்டம், கட்டாயம் நிரப்ப வேண்டியது. எதற்கு என்று கேட்டேன். 'இப்போதைக்கு எதற்கும் இல்லை, பின்னால் உபயோகப்படும்' என்றார் அந்தப் பக்கத்து மேனேஜர். நல்ல மனிதர், கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அதுதான் விஷயமே. 1941 படிவத்தைத் தயாரித்தவர்களுக்கும் 1946 ரயில்வண்டி கனவில்கூட வந்திருக்காது. ஒரு கேள்விக்குப் பதில் வாங்கும்போது இருக்கிற அரசும், அந்தப் பதிலை எடுத்துப் படிக்கும்போது இருக்கிற அரசும் ஒன்றாக இருக்கும் என்பதற்கு யார் உத்தரவாதம்? ஐந்தே வருஷம். முடியாட்சி போய், ஹிட்லரின் ஆட்கள் வந்து, செம்படை வந்து, குடியரசு வந்தாயிற்று. காகிதம் அதே அலமாரியில் இருந்தது.

ஆகவே 'பட்டம் கொடுத்தது ஹோர்தியின் பழைய ராஜ்ஜியம், துரத்தியது போருக்குப் பிந்தைய குடியரசு, இரண்டையும் போட்டுக் குழப்பாதே' என்ற பதிலை நான் ஏற்கமாட்டேன். இன்றைய ஹங்கேரி அந்தப் பட்டத்தைத் தன் சொத்தாகத்தான் வைத்திருக்கிறது. டிசம்பர் 14ஐ விசுவாச நாள் என்று 2001இல் அறிவித்ததும் இன்றைய அரசமைப்புதான். அப்பா சேர்த்த நகை எனக்கு, அப்பா வாங்கிய கடன் எனக்கில்லை என்று சொல்ல முடியுமா?

இன்னொரு எதிர்வாதம் கனமானது. 'அவர்கள் நாஜிகள்.' வியன்னாவில் என்னோடு வேலை பார்த்த ஒரு ஹங்கேரியப் பெண் இதைத்தான் சொன்னார், கோபமாகவே. அவருடைய பாட்டி குடும்பம் யூதக் குடும்பம். லேசாகத் தள்ளிவிடக்கூடிய பேச்சு இல்லை. ஃபோல்க்ஸ்புண்டுக்கு மேற்கு ஹங்கேரியில் நல்ல செல்வாக்கு இருந்தது, அதில் விரும்பிச் சேர்ந்தவர்கள் இருந்தார்கள், எஸ்எஸ் படைக்கு விரும்பிப் போனவர்களும் இருந்தார்கள். 1944 ஜூலையில் ஷோப்ரோன் யூதர்களை ஆஷ்விட்சுக்கு ஏற்றினார்கள். 1526இல் துரத்தப்பட்டு, பின்னாளில் திரும்ப வந்து, 1921இல் மற்றவர்களோடு வரிசையில் நின்று வாக்களித்த யூதர்கள். அவர்கள் வீடுகள் காலியானபோது அக்கம்பக்கத்தார் எந்த மொழியில் சும்மா இருந்தார்கள் என்று கேட்டால், இரண்டு மொழியிலும்தான். ஏற்றியது ஹங்கேரி ஜெண்டார்ம்களும் ஹங்கேரி நிர்வாகமும். அந்தக் குளிர்காலத்தில் அம்புக்குறிக் கட்சி அரசு தலைநகரை விட்டு ஓடிவந்து உட்கார்ந்ததும் இதே ஊர்ப் பக்கம்தான். நாஜி எதிர்ப்பாளரான எம்.பி. பாய்ச்சி-ஷிலின்ஸ்கியை 1944 டிசம்பர் 24 அன்று ஷோப்ரோன்கோஹிதா சிறையில் தூக்கிலிட்டார்கள்.

குற்றம் செய்தவனைக் குற்றத்துக்காகப் பிடியுங்கள், விசாரியுங்கள், தூக்கிலேகூடப் போடுங்கள். அன்றைக்கு மக்கள் நீதிமன்றங்கள் நடந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் அரசாணையின் முதல் அளவுகோல் குற்றம் இல்லையே, மொழி. பாட்டியும் மூன்று வயசுப் பேத்தியும் எந்த எஸ்எஸ்ஸில் இருந்தார்கள்?

பல்ஃப் என்ற கிராமத்தைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 1921இல் வாக்களித்த எட்டு கிராமங்களில் ஒன்று, இன்று ஷோப்ரோனின் ஒரு பகுதி, கந்தக நீரூற்றுக்குப் பேர்போனது. 1944 முடிவில் அங்கே கட்டாய உழைப்பு முகாம், ஜெர்மானியர்களுக்குப் பதுங்கு அகழி வெட்ட. பெரும்பாலும் யூதர்கள். அங்கே 1945 ஜனவரி 27 அன்று அந்தால் செர்ப் அடித்தே கொல்லப்பட்டார். அவருடைய 'நிலவொளியில் பயணி' நாவலை ஆங்கிலத்தில் படித்தவர்கள் நம்மிலும் உண்டு. ஆனால் ஹங்கேரியர்களுக்கு அவர் அதற்கு முன்னாலேயே ஹங்கேரிய இலக்கிய வரலாற்றை எழுதியவர். 1934இல் வந்த புத்தகம், ஒரு தலைமுறையே அதை வைத்துத் தன் மொழியை அறிந்தது. பிறந்தது யூதப் பெற்றோருக்கு, ஞானஸ்நானம் பெற்றது கத்தோலிக்கராக. ஒரு தேசத்தின் இலக்கியத்தையே எழுதிக் கொடுத்தவனைவிட விசுவாசமானவன் யார்? சட்டம் புத்தகத்தைப் பார்க்கவில்லை. தாத்தா பாட்டி யார் என்ற கட்டத்தைப் பார்த்தது. அந்த ஹங்கேரியத் தோழியிடமும் இதைத்தான் சொன்னேன்: செர்ப்பைக் கொன்ற கணக்கும் போன்சிக்டரை வெளியேற்றிய கணக்கும் ஒரே எடை இல்லை. ஒன்று கொலை, மற்றது வெளியேற்றம். எடை வேறு, ஆனால் தராசு ஒரே தராசு. அவர் பதில் சொல்லவில்லை. சம்மதித்தார் என்று நான் எடுத்துக்கொள்ளவும் இல்லை.

பிக்னிக்கை முழுக்க விட்டுவிட முடியாதுதான். பெல்லா சுடாமல் நின்ற இரண்டாம் நாள் இரவு, 1989 ஆகஸ்ட் 21, இதே எல்லையில் தெற்கே கோசெக் அருகே குர்ட்-வெர்னர் ஷுல்ட்ஸ் என்ற கிழக்கு ஜெர்மானியர் எல்லைக் காவலருடனான கைகலப்பில் துப்பாக்கி வெடித்துச் செத்தார். பிக்னிக் உரைகளில் இவர் பெயர் எத்தனை முறை வரும் என்று கவனித்துப் பாருங்கள். 2015இல் ஹங்கேரி செர்பிய எல்லையில் சுமார் 175 கிலோமீட்டர் வேலி போட்டது. அதே ஆகஸ்ட் 27 அன்று, ஹங்கேரியிலிருந்து வந்த ஒரு கோழி இறைச்சி லாரியில் 71 பிணங்களை ஆஸ்திரிய போலீஸ் கண்டெடுத்தது. இடம் பார்ண்டோர்ஃப், ஷோப்ரோனிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் காரில் போய்விடலாம். 2019இல் பிக்னிக்கின் முப்பதாம் ஆண்டுக்கு மெர்க்கெலும் ஓர்பானும் ஷோப்ரோனில் சேர்ந்து நின்று எல்லையைத் திறந்த பெருமையைப் பேசினார்கள். இந்த ஊரைக் கொண்டாட வருகிறவர்களுக்கு எப்போதும் ஒரு நாள் போதும், முன்னும் பின்னும் வேண்டாம்.

இன்றைய ஷோப்ரோன் செழிப்பான ஊர். நிறையப் பேர் காலையில் எல்லை தாண்டி ஆஸ்திரியாவில் வேலைக்குப் போய் மாலையில் திரும்புகிறார்கள். தெருவுக்குத் தெரு பல் டாக்டர். வியன்னாவில் ஆகும் செலவில் பாதிக்கும் கீழே பல் கட்டிக்கொள்ள ஆஸ்திரியர்கள் வருகிறார்கள். ஆகவே போர்டுகள் எல்லாம் ஜெர்மனில். ரிசப்ஷனில் ஜெர்மன், மெனுவில் ஜெர்மன், வேலை விளம்பரத்தில் 'ஜெர்மன் பேசத் தெரிந்தவர்கள் மட்டும்'. வீட்டில் பேசியதற்காக ஆட்களை ஏற்றி அனுப்பிய மொழியை இப்போது சாயங்கால வகுப்பில் காசு கொடுத்துக் கற்கிறார்கள். அதில் தப்பில்லை, பிழைப்பு. ஆனால் அதைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பும் வரவில்லை.

1949இல் ஹங்கேரி மறுபடி கணக்கெடுத்தது. வெளியேற்றப்பட்டவர்கள் சுமார் இரண்டு லட்சம். ஆக, அதே அளவாவது ஜெர்மன் பேசுகிறவர்கள் நாட்டில் மிஞ்சியிருக்க வேண்டும். தாய்மொழி ஜெர்மன் என்று சொன்னவர்கள் 22,455. தேசிய இனம் ஜெர்மன் என்றவர்கள் 2,617. இந்த எண்ணைப் பிழை என்று ஒதுக்குவது சுலபம். அந்நாட்டுக் கணக்கெடுப்பிலேயே ஆகத் துல்லியமான எண் இதுதான் என்பேன். கேள்வி கேட்கிறவன் யார் என்று ஜனங்கள் சரியாகப் புரிந்துகொண்டு சொன்ன பதில் அது.

டிசம்பர் 14 விசுவாச நாள். ஜனவரி 19, வெளியேற்றப்பட்ட ஜெர்மானியர்களின் நினைவு நாள்: 1946இல் புதாவோர்ஷிலிருந்து முதல் வண்டி கிளம்பிய தேதி, 2012இல் நாடாளுமன்றமே தீர்மானம் போட்டது. இரண்டுக்கும் நடுவில் 36 நாள். முதல் விழாவில் ஷோப்ரோன்காரர்கள் விசுவாசிகள் என்கிறார்கள், இரண்டாவது விழாவில் ஜெர்மானியர்கள் பாவம் என்கிறார்கள். அந்த இரண்டு கூட்டத்திலும் ஒரே ஆட்கள் இருக்கிறார்கள் என்பதை இரண்டு மேடையிலும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஊரில் வேறெங்கோ ஒரு மூலையில் ஒரு கல் நட்டால் போதாது. விசுவாச வாசலில், கிஷ்ஃபலுதி ஷ்ட்ரோப்லின் முழந்தாளிட்ட நகரத்தாருக்கு நேர் கீழே, 1921க்குப் பக்கத்தில் 1946 என்றும் செதுக்கட்டும், அனுமதித்த சுமை 100 கிலோ என்பதையும் சேர்த்து, இரண்டு மொழியிலும்.